தண்ணீர் வடியும் வரிசையில் பூக்கும்: டெல்டாவின் மார்கழி, தைக் காட்டுப்பூக்கள்

காவிரி டெல்டாவில் குளிர்காலம் என்பதைக் குளிரை வைத்து அளந்தால் கணக்கு தப்பும். மார்கழி நடுவிலும் விடியற்காலை வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். மதியம் 28, 29 ஆகிவிடும். வருடத்தின் மிகச் சிறிய பகலுக்கும் இங்கே சுமார் 11½ மணி நேர வெளிச்சம் உண்டு. பனி என்று நாம் சொல்வது இலையில் நிற்கும் ஈரத்தை மட்டுமே. அது எந்தச் செடியையும் கருக்காது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருக்கும் தாவரவியல் சங்கம் 2012 முதல் ஒவ்வொரு புத்தாண்டையொட்டியும் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது: அந்தக் கடுங்குளிரிலும் எந்தக் காட்டுச்செடி பூத்திருக்கிறது என்று ஊர் ஊராக ஆட்கள் தேடுவார்கள். அங்கே அது குளிரைத் தாங்கியது எது என்ற கேள்வி. நம்மூரில் கேட்கவேண்டியது வேறு: தண்ணீர் எங்கே வடிந்துவிட்டது, எங்கே இன்னும் நிற்கிறது? ஐப்பசி, கார்த்திகை மழையில் முங்கிய நிலம் எந்த வரிசையில் வெளியே தலைகாட்டுகிறதோ, அந்த வரிசையில்தான் பூவும் வரும்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல விதி ஒன்று உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மிகாத ஒரே நடை. தானாக முளைத்த செடி மட்டும். அந்த நேரத்தில் பூத்திருப்பது மட்டும். கொல்லை வேலியில் நட்ட செம்பருத்தி சேராது. வயலில் தெளித்த உளுந்து சேராது. களத்துமேட்டில் சிந்தி முளைத்த எள் சேரும். இந்த எல்லை இல்லாமல் போனால் பட்டியல் நீளும், ஆனால் போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிட முடியாது.

‘பூத்திருப்பது’ என்பதிலும் ஏமாற இடமுண்டு. வரப்பில் செக்கச்செவேலென்று நிற்கும் நீர்மேல் நெருப்பு என்ற செடியில் சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, காய். பூ கணுவில் கடுகைவிடச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருக்கும். கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை, அதாவது பூளைப்பூ, காய்ந்த பிறகும் வெள்ளையாகப் பஞ்சுபோல நிற்கும். கதிரின் நுனி பச்சை கலந்த வெள்ளையாக, விரலில் மெத்தென்று பட்டால் பூ. நசுக்கினால் பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே கறுப்பாக மின்னும் விதை வந்தால் பருவம் முடிந்தது. தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருப்பது குறிப்பு எழுதும்போது பெரிய வசதி. அரும்பு, போது, மலர், செம்மல் என்று நான்கு கட்டம் போதும். விரியும் தறுவாயில் இருப்பது போது, வாடியது செம்மல். செடியின் பெயருக்கு எதிரே இந்த நான்கில் ஒன்றை எழுதிவிட்டால் பக்கம் பக்கமாக விவரிக்க வேண்டியதில்லை.

நாள் பார்ப்பதில் இரண்டு வாய்ப்பு. முதலாவது மார்கழி கடைசி வாரத்திலிருந்து பொங்கல் வரை. சம்பா கதிர் முற்றி, வயலில் தண்ணீரை வடித்திருப்பார்கள்; வாய்க்காலில் ஓட்டம் குறைந்திருக்கும், குளம் நிறைந்திருக்கும். நீர்ப்பூக்களுக்கும் கரைப்பூக்களுக்கும் இதுதான் நேரம். இரண்டாவது அறுப்புக்குப் பின், தை பாதியிலிருந்து மாசி முதல் பத்து நாள் வரை. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதன்பின் அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு எல்லாவற்றிலும் மணல் திட்டுகள் வெளியே வரும், வயல் வெடிக்கத் தொடங்கும். அப்போது வருவது வேறு கூட்டம். தை மாதத்தில் மழை பெய்துவிட்டால் இந்த இரண்டும் குழம்பும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த மழை விளைந்த நெல்லைச் சாய்த்தது. அப்படிப்பட்ட வருடத்தில் இரண்டாம் நடையைப் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போட வேண்டும். அந்த நேரத்தில் நெல்லை இழந்து நிற்பவரின் வரப்பில் பூப் பார்க்கப் போவது முறையும் அல்ல.

நேரம் தவறினால் நாள் சரியாக இருந்தும் பயனில்லை. புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான்: விடிந்ததும் ஆறரை மணிக்கே மொத்த நடையையும் முடித்துவிடுவது. மார்கழியில் அந்த நேரத்துக்கு வரப்பில் பாதிப் பூ மூடியே இருக்கும். ஆனால் அல்லிக்கு மட்டும் சீக்கிரம் போகத்தான் வேண்டும். அது இரவில் விரிந்து காலை ஒன்பது, பத்துக்குள் கூம்பிவிடும். கானாவாழையின் நீலப்பூ ஒரு காலைப்பொழுது தாங்கும். வெயில் ஏறினால் கரைந்து நீலச் சொட்டாகிவிடும். வள்ளைக்கீரை, சிறுதாளி எல்லாம் மதியத்துக்குள் சுருண்டுவிடும். விஷ்ணுகிரந்தி, நெருஞ்சி, அரிவாள்மனைப் பூண்டு வெயில் பட்ட பிறகே திறக்கும். துத்திக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போக வேண்டும். காலையில் பார்த்தால் மொட்டும் பல்சக்கரம் போன்ற காயும்தான். ஆகவே மூன்று மணி நேரத்தை ஏழரையிலிருந்து பத்தரை வரை வைத்து, முதலில் குளம், பிறகு வாய்க்கால், கடைசியில் மேடு என்று நடந்தால் பெரும்பாலானவை கிடைக்கும். துத்திக்காக மாலையில் அரை மணி நேரம் தனியாக.

குளத்திலிருந்தே தொடங்கலாம். அல்லியையும் நெய்தலையும் பூவின் நிறத்தை வைத்துப் பிரித்தால் தவறும், இரண்டிலும் வெள்ளை உண்டு. இலையைப் புரட்டிப் பாருங்கள். அல்லி இலையின் விளிம்பு கூரான பற்களோடு இருக்கும், அடிப்பக்கம் நரம்பு புடைத்து, மெல்லிய ரோமத்தோடு சொரசொரக்கும். நெய்தல் இலையின் அடி வழுவழுப்பு. நேரமும் துணைக்கு வரும்: பதினொரு மணிக்கு விரிந்து நிற்பது நெய்தல். குளத்தை மூடிக் கிடக்கும் வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் ஊதாப் பூவில் மேல் இதழில் மட்டும் மயில் கண்போல ஒரு மஞ்சள் பொட்டு. அழகுதான், ஆனால் அது பூத்த குளத்தில் வேறு எதையும் தேட வேண்டாம். சிலர் இதையே ஆகாயத்தாமரை என்கிறார்கள். அந்தப் பெயருக்குரியது முட்டைக்கோஸ் போல இலை விரித்து மிதக்கும் வேறொரு செடி. அதன் பூ இலைகளின் நடுவில் ஒளிந்து கிடக்கும், குனிந்து விலக்கினால்தான் தெரியும். குறிப்பில் பெயரோடு இலையின் வடிவத்தையும் எழுதுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கரைக்கு ஏறினால் சேறு. டெல்டாவின் இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு பூவைச் சொல்லச் சொன்னால் நீர்முள்ளியைத்தான் சொல்ல வேண்டும். வடிகால் பள்ளம், வாய்க்கால் ஓரம், ரயில் பாதையை ஒட்டிய குட்டை எங்கும் இடுப்பளவு உயரத்தில் கிளைக்காமல் நேராக நிற்கும். தண்டு சற்றுச் சிவந்து, நான்கு பட்டையாக, கணுவுக்குக் கணு புடைத்திருக்கும். ஒரு கணுவை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். தண்டைச் சுற்றி வளையமாக ஆறு முள், ஒவ்வொன்றும் விரலின் ஒரு கணு நீளத்துக்கு மேல், மஞ்சள் நிறம். முள்ளுக்கிடையே இலைகள், வெளி இரண்டு நீளம், உள்ளே இருப்பவை குட்டை. அந்த முள்வேலிக்குள் ஊதா நீலத்தில் பூ. மேல் உதடு இரண்டாகவும் கீழ் உதடு மூன்றாகவும் பிளந்திருக்கும். கீழ் உதட்டின் நடுவில் மடிப்பும் அதன்மேல் மஞ்சள் தீற்றலும் தெரியும். வண்டு வந்து உட்காரும் இடம் அதுதான். ஆடு மாடு தொடாததால் மேய்ந்து தீர்ந்த கரையிலும் இது மட்டும் மிஞ்சி நிற்கும். ஆகவே பூவே இல்லாத கரை என்று முடிவுகட்டுவதற்கு முன் முள்ளைத் தேடுங்கள். கையால் வளைத்துப் படம் எடுக்க முயல்வது வீண், ஒரு குச்சியால் பக்கத்துச் செடியை ஒதுக்குவது போதும்.

அதே சேற்றில் நான்கு மஞ்சள் இதழோடு நிற்பது நீர்க்கிராம்பு. காய் அச்சு அசல் கிராம்பு, பெயருக்கு வேறு விளக்கம் வேண்டாம். தேள்கொடுக்கின் பூங்கொத்து தேள் வாலைப்போலச் சுருண்டிருக்கும். அடியிலிருந்து நுனி நோக்கிப் பூ விரிய விரிய வால் நிமிரும். அதில் நீலவரியன் வகைப் பட்டாம்பூச்சிகள் காய்ந்த தண்டிலும் மொய்ப்பதைப் பார்க்கலாம். அவை தேனுக்கு வரவில்லை. ஆண் பூச்சிகள் அந்தச் செடியின் நச்சுச் சத்தை உறிஞ்சி இனச்சேர்க்கைக்கான மணத்தைத் தயாரித்துக்கொள்கின்றன. கிலுகிலுப்பைச் செடியிலும் இதே கூட்டம் கூடும். பூச்சி எங்கே திரள்கிறது என்று பார்த்தால் செடி தானே அகப்படும்.

வரப்பு கொஞ்சம் கண் பழகவேண்டிய இடம். எல்லாம் சின்னப் பூ, நின்றபடி பார்த்தால் பச்சைதான் தெரியும். ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். பொடுதலை தரையோடு படர்ந்து, தீக்குச்சித் தலை அளவில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருக்கும். நீர்ப்பிரம்மியின் இலை தடித்து வழுவழுப்பாக இருக்கும், பூ வெளிர்நீலம் பாரித்த வெள்ளை, ஐந்து மடல். கரிசலாங்கண்ணியின் வெள்ளைப்பூ சட்டைப் பொத்தான் அளவு. சந்தேகம் வந்தால் ஓர் இலையை உள்ளங்கையில் கசக்கிக் காத்திருங்கள், சாறு சில நிமிடத்தில் கறுக்கும். புளியாரைக்கு மஞ்சள் பூ, மூன்று சிற்றிலை. பக்கத்திலேயே நான்கு சிற்றிலையோடு கிடக்கும் ஆரைக்கீரையில் பூவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது பெரணி இனம், பூப்பதே இல்லை. கானாவாழையை வேரோடு பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்ணுக்குள்ளும் அதற்கு வெளிறிய பூ உண்டு. அது விரியாமலேயே காயாகும். களை எடுத்தும் எடுத்தும் அது தீராததற்கு அதுவும் ஒரு காரணம்.

தும்பைக்கு அறிமுகம் வேண்டியதில்லை. ஆனால் கவிழ்தும்பை தும்பை இனமே அல்ல. அதன் பூ வெளிர்நீலம், தலைகீழாகத் தொங்கும்; மேலேயிருந்து பார்த்தால் ரோமம் அடர்ந்த பச்சைப் புறவிதழ் மட்டும் தெரியும். போனைத் தரையில் வைத்து, திரையைத் திருப்பி, கீழிருந்து எடுத்தால்தான் பூ கிடைக்கும்.

அறுத்த வயலில் கொட்டைக்கரந்தை. நெல் தாள் நடுவே, ஈரம் இன்னும் காயாத தாழ்ந்த வயலில், கோலிக்குண்டைவிடச் சற்றுச் சின்னதாகச் செவ்வூதா உருண்டைகள். உருண்டை ஒன்று ஒரு பூவன்று. பல சிறு பூங்கொத்துகள் நெருங்கி ஒட்டி உருண்டையானது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இருந்தால் அது நன்றாகத் தெரியும். தண்டின் இருபக்கமும் பல் வைத்த இறக்கை ஓடும், இதைப் பார்த்துவிட்டால் வேறெதோடும் குழம்பாது. தொட்டால் பிசுக்கென்று ஒட்டும், வாசனை கையில் மாலை வரை நிற்கும். பூளைபோலவே இதுவும் காய்ந்த பின்னும் உருவம் குலையாது, நிறம் மட்டும் பழுப்பாகும். மாசி கடைசியில் போகிறவர்கள் காய்ந்ததை எண்ணிவிடுவது வழக்கமான பிழை. வெடிப்பு விழுந்த வயலிலும் குளத்தின் வறண்ட படுகையிலும் செருப்படை தரையோடு ஒட்டிப் பரவியிருக்கும், இலை கசங்கிய காகிதம்போல. அதன் பூ அவ்வளவு சிறியது, லென்ஸ் இல்லாமல் எழுதாதீர்கள்.

மேட்டில் வெள்ளைப்பூ இரண்டைப் பிரிக்கத் தெரிய வேண்டும். தாத்தாப்பூ என்று பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடும் வெட்டுக்காயப் பூண்டு, நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள். பார்த்தீனியம் கொத்தமல்லி போல வெட்டுண்ட இலையும், கிளை நுனியெல்லாம் சிறுசிறு வெள்ளைப் பூவும் கொண்டது. இந்தியாவில் 1955 வாக்கில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய களை. வெறுங்கையால் தொடாதீர்கள், சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும்.

தஞ்சாவூரை ஒட்டிய வல்லத்தின் செம்மண் சரளை மேட்டில் கதை மாறும்: ஆவாரை, விஷ்ணுகிரந்தி, ஒரே ஓர் இதழ் மட்டும் பெரிதாக இருக்கும் ஓரிதழ்த்தாமரை. கடற்கரைப் பக்கம் நாகையிலிருந்து கோடியக்கரை வரை மணலில் அடும்பு, அதுவும் காலையில் போனால்தான். இராவணன் மீசையின் உருண்டை முள்பந்து மணலில் உருண்டு வந்தால் அது பெண் செடியின் கதிர் முற்றி உதிர்ந்தது, பூக்கணக்கில் வராது. செங்காந்தள் ஐப்பசி, கார்த்திகையிலேயே பெரும்பாலும் முடிந்திருக்கும். மார்கழியில் வேலியில் ஒன்றிரண்டு மிஞ்சினால் பாருங்கள், கிழங்கைத் தொடாதீர்கள், கொடிய நஞ்சு. கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம், 2002-லிருந்து ராம்சர் பட்டியலில் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு, பாதையை விட்டு இறங்காமல், ஓர் இலையும் கிள்ளாமல் பார்த்து வர வேண்டிய இடம். அங்கே தை மாதக் கூட்டமெல்லாம் பூநாரைக்குத் தலையை நிமிர்த்தியிருக்கும்போது காலடியில் பூ தேடுகிறவருக்குப் போட்டியே கிடையாது.

பூ இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால் நான்கு காரணத்தில் ஒன்றாக இருக்கும். அண்டை வெட்டி வரப்பைச் சீவியிருப்பார்கள். மண் புதிதாக, மழுங்க வழித்ததுபோல் இருக்கும், திரும்பத் துளிர்க்க மூன்று நான்கு வாரம் ஆகும். களைக்கொல்லி அடித்திருப்பார்கள், வரப்பு ஒரே சீராகப் பழுத்து மஞ்சளாகி, வயலுக்குள் பச்சை அப்படியே நிற்கும். அந்த வருடம் அந்த வரப்பை விட்டுவிடுங்கள், அங்கே எதையும் கிள்ளி வாயில் வைக்கவும் வேண்டாம். அறுவடை மெஷின் இறங்கிய வழியில் செயின் தடம் பதிந்து மிதிபட்டிருக்கும். அறுப்பு முடிந்ததும் கிடை போட்டிருந்தால் ஆடு மேய்ந்திருக்கும். நீர்முள்ளி, கொட்டைக்கரந்தை, எருக்கு தவிர மிச்சம் தேறாது. மெஷின் ஏறிய நாளிலிருந்து ஆடு வரும் வரை உள்ள இடைவெளி சில ஊரில் ஒரு வாரம்கூட இருக்காது, அதனால் அறுப்பு எப்போது என்று வயல்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

கேட்கும்போதே இன்னொன்றும் கேளுங்கள்: உளுந்து, பயறு தெளித்தாகிவிட்டதா? அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் கதிருக்குள் விதையைத் தெளிப்பார்கள். அறுத்தபின் வெறும் தாள் வயல்போலத் தெரியும் இடத்தில் இரண்டிலை விட்ட உளுந்து நிற்கும். பூப் பார்க்க வந்தவர் நடுவயலில் நடந்து அதை மிதிப்பதைவிட மோசமான காரியம் இல்லை. வரப்பிலேயே நடங்கள், ஒருவர் பின் ஒருவராக, வரப்பின் நடுவிலேயே. விளிம்பில் மிதித்தால் நண்டு வளையால் ஏற்கெனவே ஓட்டையான வரப்பு உடையும். சேற்றில் ரப்பர் செருப்பு வழுக்கும். கணுக்காலை மூடும் ஷூ தேவை. கண்ணாடி விரியன் வைக்கோல், தாள், வரப்புப் புல் எல்லாவற்றிலும் கிடக்கும். குச்சியால் முன்னே தட்டிக்கொண்டே நடங்கள், கண் தெரியாத புதரில் கையை விடாதீர்கள். கடித்தால் கீறல், கட்டு, பச்சிலை எதுவும் வேண்டாம், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பையில் அதிகம் வேண்டாம். லென்ஸ், 15 சென்டிமீட்டர் ஸ்கேல், பென்சில், நோட்டு. பேனா மை பனியில் கசியும். ஒரு செடிக்கு நான்கு படம் எடுத்தால் வீட்டில் உட்கார்ந்து அடையாளம் காண முடியும்: பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, தண்டில் இலை சேரும் கணு, செடி நிற்கும் இடம். பெரும்பாலானவர்கள் முதல் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு செடி, பூச்சிகளை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினால் மஞ்சள் பூ என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடிவதில்லை. பூவைச் சிரமமில்லாமல் தெளிவாக எடுக்க, ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் நிழலை அதன்மேல் விழவைத்து எடுங்கள். நேர் வெயிலில் வெள்ளைப்பூ வெறும் வெளிச்சமாகிவிடும்.

நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் தண்ணீரையும் எழுதுங்கள்: வாய்க்காலில் கணுக்கால் அளவு, வயலில் வெடிப்பு இல்லை, குளம் படித்துறையில் மூன்றாம் படி வரை. இதுதான் அடுத்த வருடம் உதவும். பொங்கல் ஒரு நாள் முன்னே பின்னே வருவதால் பூ மாறாது. அந்த மூன்றாம் படி ஆறாம் படியானால் மாறும். அதே வரப்புக்குப் பதினைந்து நாள் கழித்துப் போனால் நீர்முள்ளி பாதி காயாகியிருக்கும். அந்த விதை இரண்டை ஈர விரலில் வையுங்கள், உடனே கொழகொழவென்று பசையாகி ஒட்டிக்கொள்ளும். வடிகாலில் தண்ணீர் இறங்கிய இடத்தில் சேறு வறண்டு, முன்பு முங்கியிருந்த முழ அகலத்தில் கொட்டைக்கரந்தை நாற்றுகள் தலைகாட்டியிருக்கும். அதில் முதல் உருண்டை எப்போது நிறம் பிடிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள்.